வலது கதவில் கனகாம்பரம்

சரவணாவுக்கு,

உன் அம்மாதான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. மூன்றாம் வகுப்போடு நின்றுபோன கை இது, எழுத்தைவிடப் பூதான் இதற்கு ஒழுங்காக வரும். போனில் பேசலாம் என்றால் "சாப்டேம்மா, நல்லாருக்கேம்மா, வெக்கிறேம்மா" என்று மூன்று வார்த்தையில் ஒரு மாதத்தையே முடித்துவிடுகிறாய். அதில் மூன்றாவது வார்த்தையை மட்டும்தான் மனசாரச் சொல்கிறாய் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். பாதியில் வைத்துவிட்டுப் போக இது போன் இல்லை. கிழிக்கலாம். கிழிப்பதென்றால் முழுசாகப் படித்துவிட்டுக் கிழி.

விஷயம் பவித்ராவைப் பற்றியது. பெயரைப் பார்த்ததும் தாளை மடிக்காதே. போன திங்கட்கிழமை அவள் அப்பா அரியாங்குப்பத்திலிருந்து நம்மூர் மேட்டுப்பாளையத்துக்கு, நம் பீரோ கம்பெனிக்கே வந்துவிட்டார். நிச்சயதார்த்தம் ஆன நாளிலிருந்து வாய்க்கு வாய் என்னைச் "சம்பந்தியம்மா" என்று கூப்பிட்ட மனுஷன், அன்றைக்கு வாசலில் நின்றுகொண்டு "ஏம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

"ஏம்மா, பொண்ணுக்குன்னு சொல்லி வெச்ச அந்தப் பச்ச பீரோ இன்னும் இருக்குதா?"

"இருக்குதுங்க. எங்க போவுது, அதுக்கென்னா காலா இருக்குது?"

அவர் சிரிக்கவில்லை. "பூ ஒரு கதவுலதான போட்டிருக்கு. இன்னொரு கதவையும் முடிச்சுக் குடுத்துடுங்க. திண்டிவனம் பக்கம் ஒரு எடம் வந்திருக்குது. வர்ற வாரம் வியாழக்கிழமை வந்து பேசறாங்க. உங்க புள்ள வேணாம்னாவது சொல்லட்டும்னு பாத்தோம். எடுக்காத போனுக்கு எத்தினி நாளுக்கும்மா அடிச்சிக்கினே இருக்கறது?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள் உன் அம்மா என்று ஊரே சொல்லும். அவருக்குக் கொடுத்தது "சரிங்க" என்கிற ஒரே வார்த்தைதான். ஆறு நாள் அந்த வலது கதவில் பூப் போட்டுக்கொண்டே யோசித்தேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ பார்த்து வளர்ந்த வேலைதான் என்றாலும் நீ பார்த்தது பாதி. மில்லில் வேலை போய் உன் அப்பா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த காலத்தில், யாரோ சொல்லி இந்தப் பீரோ கம்பெனியில் ஸ்ப்ரே அடிக்கச் சேர்ந்தார். ஒரு மாதம் கழித்து நானும் போய் உப்புத்தாள் தேய்க்கச் சேர்ந்தேன். பட்டி பூசிய தகரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கைரேகையெல்லாம் போய்விட்டது. ரேஷன் கடையில் விரல் வைத்தால் இன்றைக்கும் மெஷின் என்னை யார் என்று கேட்கிறது. அங்கே பூப் போடுகிற ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். மறுநாள் காலையில் ஒரு கல்யாணப் பீரோ போக வேண்டும். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "குடுங்க சார், நான் போடறேன்" என்று வாங்கிவிட்டேன். வாசலில் கோலம் போடுகிற கைக்கு இது என்ன பெரிய விஷயம் என்கிற திமிர். போட்டு முடித்ததும் முதலாளி குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார்.

"இது ரோஜாவா, பிச்சுப் போட்ட பரோட்டாவா?"

"கல்யாண வூட்டுக்கு ரெண்டுமே வேணும்தான சார்."

வெல்டர் அந்துவான் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "பீரோங்கறதே நம்மூர ஆண்ட எங்க பிரெஞ்சுக்காரன் வார்த்த. அது மேல போயி பரோட்டா போட்டுட்டியே தங்கச்சி" என்றார். "அப்ப உங்க பிரெஞ்சுக்காரன வந்து உப்புத்தாள் தேய்க்கச் சொல்லுங்கண்ணே" என்றேன். அப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் கற்றுக்கொண்டேன். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. கதவைக் கழற்றி இரண்டு ஸ்டூல் மேல் படுக்கப் போட வேண்டும், நிற்க வைத்துப் போட்டால் பெயிண்ட் வழியும். முதல் நாள் நிறம் மட்டும். அது காய வேண்டும். மறுநாள் இதழுக்கு நிழல். அதுவும் காய வேண்டும். மூன்றாம் நாள்தான் நடுவில் மஞ்சள் புள்ளி, காம்பு, இலை. அவசரப்பட்டால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிச் சேறாகிவிடும். அதனால் பூப் போடுகிறவளுக்கு எப்போதும் ஒரு நாளைக் கடன்பட்ட மாதிரி இருக்கும், நாளைக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று.

இதன் அருமை எனக்குத் தெரிந்தது கொரோனா சமயத்தில்தான். நீ வேலைக்குப் போன ஓசூரில் மாட்டிக்கொண்டிருந்தாய். கம்பெனி பூட்டிக் கிடந்தது. உப்பளத்தில் நம் தெருவே செத்த மாதிரி இருந்தது. எதிர்வீட்டு மனுஷனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், திரும்பி வரவில்லை. உன் அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தட்டைப் பார்ப்பார், கையைக் கழுவுவார். ராவெல்லாம் தூங்குவதில்லை. நான் எத்தனை கேலி பேசினாலும் முகத்தில் ஓர் அசைவு இல்லை. சரவணா, அப்போது நான் பயந்துபோனேன். உனக்குப் போனில் "அப்பா கொழுத்துப்போயி கெடக்கறாரு" என்று சொன்னேனே, அது பொய்.

வீட்டில் டப்பாக்களில் அடியில் கொஞ்சம் கொஞ்சம் எனாமல் பெயிண்ட் மிச்சம் இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்ததைக் கிழித்து, அரிசி டின் மேல் நாலு சிவப்புப் பூவுக்கு நிறம் மட்டும் போட்டேன். போட்டுவிட்டு அவரிடம் போய், "நாளைக்கு காஞ்சிடும். புள்ளி நீதான் வெக்கணும். எனக்குக் கண்ணு சரியா தெரியல" என்றேன். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலையில் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது பார்க்கிறேன், டின்னைத் தொட்டுக் காய்ந்ததா என்று பார்க்கிறார். அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒன்றில் நான் நிறம் போடுவேன், மறுநாள் அவர் புள்ளி வைப்பார். தண்ணீர் டிரம், சுவிட்சுப் பலகை, முறம், கதவின் பின்பக்கம். இரண்டாவது வாரம், "வூட்டுல எடம் தீந்துபோச்சுடி, அடுத்து என் மொட்ட மண்டையிலதான்" என்றார். நான் அடுப்பங்கரைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அவர் பிழைத்துக்கொண்டார் என்று அன்றைக்குத்தான் நம்பினேன். பூவால் நோய் போகாது, கம்பெனி திறக்காது. நாளைக்கு எழுந்து பார்க்க ஒரு வேலை இருந்தது, அவ்வளவுதான். அந்த மனுஷனுக்கு அது போதுமானதாக இருந்தது.

இனிமேல் எழுதப்போவது உனக்கும் வலிக்கும், எனக்கும் வலிக்கும்.

உன் கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பவித்ரா கேட்ட இளம்பச்சையில் உன் அப்பாவே ஸ்ப்ரே அடித்தார். "எல்லாரும் ரோஜா, தாமர. எனக்குக் கனகாம்பரம் போட்டுத் தாங்க அத்தை" என்று அவள் கேட்டாள். சின்னப் பூ, கதிர் கதிராக வரும், கையை ஒடிக்கும். "வாசனயே இல்லாத பூவக் கேக்கறியேடி" என்றேன். "பீரோவுல போட்டா எந்தப் பூவுக்குத்தான் அத்தை வாசன?" என்றாள். எனக்கு ஏற்ற மருமகள் வந்துவிட்டாள் என்று கம்பெனி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். மாவில் கோலம் போட்டால் மறுநாள் அழிந்துவிடும், கல்யாணக் கூட்டம் மிதித்தாலும் அழியக் கூடாது என்று நம் வாசல் சிமெண்ட் தரை முழுக்க எனாமலில் பூக்கோலம் போட்டேன். பீரோவுக்குப் போடுகிற அதே பெயிண்ட், மூன்று நாள் வேலை. தெருவே நின்று பார்த்துவிட்டுப் போனது.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கிற நேரம். நான் பவித்ரா பீரோவின் இடது கதவில் கடைசிக் கதிரை முடித்துவிட்டு நிமிர்ந்தேன். உன் அப்பா பிரைமர் டின் மேல் உட்கார்ந்து, "தண்ணி குடு" என்றார். கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் சாய்ந்துவிட்டார். அந்துவான் அண்ணன்தான் தூக்கினார். ஆட்டோ பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றும் மிச்சமில்லை.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உன் பெரிய அத்தை வாசலைப் பார்த்து அலறினாள். "சாவு வூட்டு வாசல்ல பூக்கோலமா? கழுவி வுடுங்கடி" என்றாள். சாவு விழுந்த வீட்டின் வாசல் வெறுமையாகக் கிடக்க வேண்டும் என்பது யாருக்குத் தெரியாது? தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள், போகவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், போகவில்லை. அப்போதுதான் நீ ஓசூரிலிருந்து வந்து இறங்கினாய். அப்பாவின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அவர் பையிலிருந்தே பெயிண்ட் கரைக்கிற தின்னரையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு வாசலில் குந்தி உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாய். மாலையோடு வந்தவர்கள் உன்னைத் தாண்டிக் காலெடுத்து வைத்தார்கள். நீ நிமிரவில்லை. ஒவ்வொரு இதழாக அழித்தாய். நிறம் போனாலும் சிமெண்டில் கறை போகவில்லை, அடிபட்ட தோல் மாதிரி கன்றிக் கிடந்தது.

அந்த நேரத்தில்தான் பவித்ரா அவள் அப்பா அம்மாவோடு வந்தாள். கல்யாணப் பெண் சாவு வீட்டுக்கு வரக் கூடாது என்று யாரோ தடுத்தார்களாம். கேட்காமல் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, நீ தேய்க்கிற இடத்துக்குப் பக்கத்தில், உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, அத்தனை பேர் காது கேட்க, "வூட்டுக்குள்ள கால வெக்கறதுக்கு முன்னாடியே என் தாலிய அறுத்துட்டாளே" என்றேன்.

உன் கை ஒரு நிமிஷம் நின்றது. எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு மறுபடியும் தேய்த்தாய். அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அன்றைக்குப் பார்க்காதவன் இன்று வரை பார்க்கவில்லை. தலைத்திவசம் முடியட்டும் என்றார்கள் பெரியவர்கள். அது முடிந்தும் நாலு மாதம் ஆகிவிட்டது. கேட்டால் "அந்தப் பேச்ச வுடும்மா" என்கிறாய். அவளை நினைத்தால் உனக்கு அப்பாவின் பிணம் ஞாபகம் வருகிறது. அப்படி நினைக்கச் சொல்லிக்கொடுத்தது என் வாய்தான்.

மூன்று மாதம் வீட்டில் கிடந்தேன். அப்புறம் வயிறு இருக்கிறதே, வேலைக்குப் போனேன். இரண்டாம் நாளே ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா பீரோ பார்க்க வந்தாள். என் நெற்றியையும் கழுத்தையும் பார்த்தாள். முதலாளியிடம் மெதுவாகத்தான் கேட்டாள், ஆனாலும் காதில் விழுந்தது. "பூப் போட வேற யாரும் இல்லீங்களா? நல்ல காரியத்துக்குப் போவுற பொருளு." முதலாளி நல்ல மனுஷன், அதனால்தான் அவருக்குப் பொய் வரவில்லை. மறுநாள் நான் போனபோது மூலையில் நீலப் படுதா ஒன்று கட்டியிருந்தது. என் ஸ்டூல், டப்பா, பிரஷ் எல்லாம் அதற்குப் பின்னால். "வெயில் அடிக்குதுல்ல, அதாம்மா" என்றார். அந்த மூலையில் வெயில் பட்டு நான் பார்த்ததே இல்லை. "சினிமா கொட்டாய் மாதிரி இருக்குது சார், எப்ப படம் போடுவீங்க?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்கவில்லை.

படுதாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததும் பிரஷ்ஷைத் தூக்க முடியவில்லை. என் கை பட்டால் ஒரு பெண்ணின் வாழ்க்கை கெட்டுப்போகுமாம். நான் யாருக்கு என்ன செய்தேன்? அப்படிக் கேட்டுக்கொண்டபோதுதான், வாசலில் செருப்பைக் கழற்றி விட்டு நின்ற அந்தப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். அவள் யாருக்கு என்ன செய்தாள்? சரவணா, என்னைப் படுதா போட்டு மறைத்தார்கள். அவளை நான் பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்க்க நிறுத்திவைத்துச் சொன்னேன்.

முதல் வாரம் போட்டதையெல்லாம் தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டேன். இரண்டாம் வாரம் ஒரே ஒரு ரோஜாவைத் துடைக்காமல் விட்டேன். நன்றாக வந்தது என்று இல்லை, துடைக்கத் தெம்பில்லை. மறுநாள் போனேன், அது காய்ந்து காத்திருந்தது. சரி என்று நிழல் போட்டேன். அதற்கும் மறுநாள் புள்ளி வைத்தேன். அந்தப் பீரோ பாகூர் பக்கம் ஏதோ ஒரு வீட்டுக்குப் போனது. அந்த வீட்டுப் பெண் தினமும் சீப்பு எடுக்க அந்தக் கதவைத் திறப்பாள். யார் கை போட்டது என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது என்று நான் நம்புகிறேன். நம்பித்தான் அடுத்த பீரோவுக்குப் போட்டேன். இப்படித்தான் ஒவ்வொரு நாளும் எழுந்திருக்கிறேன். பெரிய தைரியம் எல்லாம் இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் பவித்ரா படுதாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். ஸ்கேன் சென்டர் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

"உள்ள வரலாமா அத்தை?"

"வாம்மா. டிக்கெட் இல்லாம வந்துட்ட."

அவள் சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை. "அன்னிக்கு நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றாள்.

"நீ கேக்கணும்னுதான் சொன்னேன்."

"தெரியும். நான் மறக்கல. மறக்கவும் மாட்டேன்." கொஞ்ச நேரம் பெயிண்ட் டப்பாவைப் பார்த்தாள். "ஆனா என் பீரோவுல மிச்சக் கதவுக்கும் நீங்கதான் பூப் போடணும். வேற கை போட்டா ரெண்டு கதவும் ரெண்டு மாதிரி தெரியும். அவசரம் இல்ல. அவரு பேசட்டும்."

நீ பேசவில்லை. நானும் அந்தக் கதவைத் தொடவில்லை. அவள் அப்பா வந்து நின்ற பிறகுதான் தொட்டேன்.

இப்போது சொல்கிறேன். பதினாறு மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். மெதுவாகப் படி.

உன் அப்பா இறந்த புதன்கிழமைக்கு முந்தின ஞாயிறு, பத்திரிகை வைக்க நானும் அவரும் போனோம். நாலாவது வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைத் தடவிக்கொண்டே, "ஒரு மாதிரி அடைக்குதுடி" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கல்யாண விருந்த நெனச்சு இப்பவே அடைச்சிக்கிச்சா?" என்றேன். அவர் சிரித்தார், எழுந்து நடந்தார். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை, "டாக்டராண்ட போயி காட்டிட்டு வந்துடலாமா?" என்று அவரே கேட்டார். ஆஸ்பத்திரி என்றாலே ஓடுகிற மனுஷன் தானாகக் கேட்டார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். "மாப்ளைக்கு அப்பனா நீ, இல்ல மாப்ளயா, இப்பவே மயக்கம் வருது? கல்யாணம் முடியட்டும், ரெண்டு பேருமா சேந்து போயி படுத்துக்கலாம்" என்றேன். அதற்கும் சிரித்தார். ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தார்.

பெரியாஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டர் கேட்டார், "முன்னாடி வலி ஏதாவது இருந்துச்சாம்மா?" நான் "இல்லீங்க" என்றேன்.

போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் பயம். பிழைத்திருக்க மாட்டார் என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். பிழைத்திருப்பார் என்று சொன்னால் தாங்க மாட்டேன். உன் கல்யாணம் அவரைக் கொல்லவில்லை. அவள் ராசி கொல்லவில்லை. அவர் வலிக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார், இரண்டு தடவையும் நான் சிரிக்க வைத்து அனுப்பினேன். அந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு நின்றபோது, எங்கேயாவது இறக்கி வைக்க இடம் தேடினேன். அவள் வாசலில் நின்றாள். அவள் மேல் இறக்கிவிட்டேன். நீ அதை அப்படியே எடுத்துக்கொண்டாய்.

இந்த ஆறு நாளும் வலது கதவுக்குப் பூப் போட்டேன். இடது கதவில் இருப்பது சந்தோஷக்காரியின் கை, கதிர் ஒவ்வொன்றும் கொழுத்து நிற்கும். வலது கதவில் எவ்வளவு முயன்றும் மெலிந்துதான் வந்தது. இரண்டு தடவை துடைத்தேன். மூன்றாவது தடவை விட்டுவிட்டேன். இந்தப் பூ நம் வீட்டுக்குப் போகிறதா, திண்டிவனத்துக்குப் போகிறதா என்று தெரியாமல்தான் போட்டேன். எங்கே போனாலும் அந்தக் கதவைத் திறக்கப் போகிறவள் அவள்தான். அவள் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு இதழையும் இழுத்தேன். உன்னை நினைத்துக்கூட அல்ல. கோபித்துக்கொள்ளாதே.

நேற்று மத்தியானம் பவித்ரா பீரோவைப் பார்க்க வந்தாள். கதவை மாட்டி நிறுத்தியிருந்தோம். இரண்டு கதவையும் மூடிப் பார்த்தாள், திறந்து பார்த்தாள். "இந்தப் பக்கம் கொஞ்சம் இளச்சிருக்கு" என்றாள். "ஆமாம்மா, நானும் இளச்சிட்டேன்ல" என்றேன். சொல்லிவிட்டு, அதற்கு மேல் கேலி பேச வாய் வரவில்லை. அங்கேயே, அந்துவான் அண்ணன் வெல்டிங் சத்தத்துக்கு நடுவில், மேலே எழுதியது எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொன்னேன், அவளுக்குத்தான் நான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது.

முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அடிப்பாளோ என்றுகூட நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

"பதினாறு மாசம் அத்தை" என்றாள். "எங்க வூட்டுல என்னை ஒரு நல்லது கெட்டதுக்கு அழைச்சிட்டுப் போவல. தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அவருக்குத் தெரியுமா, மாமாவுக்கு வலி இருந்தது?"

"இல்ல."

"சொல்லுங்க. என்னைக் கட்டிக்கணும்னு இல்ல. யாரு மேல கோவப்படறோம்னு தெரியாமயே கோவமா இருக்காரு அவரு."

முதலாளி ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். வண்டி வியாழக்கிழமை சாயந்திரம் கிளம்ப வேண்டும், டிரைவருக்குச் சீட்டு எழுத வேண்டும். பேனாவைத் திறந்துகொண்டு, "எந்த விலாசம்மா போடட்டும்?" என்றார். பவித்ரா என்னைப் பார்க்கவில்லை. "பேரு மட்டும் எழுதுங்க சார். விலாசம் வியாழக்கிழமை நானே சொல்றேன்" என்றாள். கைப்பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவளிடம் காத்திரு என்று நான் கேட்கவில்லை, கேட்க மாட்டேன். உன்னிடமும் அவளைக் கட்டிக்கொள் என்று கேட்கவில்லை. வியாழக்கிழமைக்குள் அவளைக் கூப்பிட்டு, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ உன் வாயால் சொல். வேண்டாம் என்றால், அவள் கல்யாணத்துக்கு நான் பெண்வீட்டுப் பக்கம் போய் நிற்பேன். தள்ளி நில் என்று சொன்னால் தள்ளி நிற்பேன், எனக்குப் பழக்கம்தான்.

என்னை என்ன செய்வது என்பதை அப்புறம் யோசி. திட்ட வேண்டுமென்றால் நேரில் வந்து திட்டு. பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே. ஒன்றே ஒன்று. வீடியோவில் பார்க்கிறபோது ரொம்ப மெலிந்திருக்கிறாய், கேட்டால் நீயும் என்னை மாதிரியே ஏதோ ஒன்றைச் சொல்லிச் சிரித்து மூடிவிடுகிறாய். உனக்கு எங்கேயாவது வலித்தால், உடம்பிலோ மனசிலோ எங்கே என்றாலும், எந்த நேரம் என்றாலும் எனக்குப் போன் பண்ணி வலிக்குதும்மா என்று சொல். நான் சிரிக்க மாட்டேன் சரவணா. கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா